காணாக்கடி வந்தால் என்ன செய்வது? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தோலில் திடீரென்று தடிப்புகள் எழும்பி, தாங்க முடியாமல் அரித்து, சில மணி நேரத்தில் சுவடே தெரியாமல் மறையும் நிலையைக் காணாக்கடி என்கிறோம். கண்ணில் படாத பூச்சி ஏதோ கடித்துவிட்டது என்ற எண்ணத்தில் பிறந்த பெயர் அது; உண்மையில் பெரும்பாலும் எதுவும் கடித்திருப்பதில்லை. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிகிறது. கசிந்த நீரே தடிப்பாக எழும்புகிறது. இதே கசிவு தோலின் ஆழத்தில் நிகழ்ந்தால் உதடும் இமையும் வீங்கும். கருமையான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால், விரலால் தடவி மேட்டை உணர்ந்து பார்ப்பது நல்லது.

படி 1: முதலில் மூச்சைக் கவனியுங்கள்

தடிப்புடன் மூச்சுத்திணறல், மூச்சு இழுப்பு (வீசிங்), குரல் கம்முதல், நாக்கு வீக்கம், தொடர் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் அதை அனாபிலாக்சிஸ் என்னும் உயிர் ஆபத்தான ஒவ்வாமையாகவே கருதி, உடனே அவசர ஊர்தியை அழையுங்கள். அட்ரினலின் ஊசியை மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால், தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறமாகப் போடுங்கள். அரிப்பு மாத்திரை விழுங்கிவிட்டுக் காத்திருப்பதுதான் இந்த நேரத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்த மாத்திரை அரிப்பைத் தணிக்குமே தவிர, தொண்டை அடைப்பதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள்; மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். ஊசிக்குப் பின் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும்.

படி 2: பேனாவால் வட்டமிடுங்கள்

ஆபத்து அறிகுறி இல்லையென்றால், ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். காணாக்கடித் தடிப்பு ஒவ்வொன்றும் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும்; புதியவை வேறிடத்தில் எழுவதால்தான் நோய் நாட்கணக்கில் நீடிப்பதுபோல் தோன்றுகிறது. ஒரே தடிப்பு அதற்கு மேலும் அங்கேயே நின்றாலோ, அரிப்பைவிட வலி மிகுந்தாலோ, மறைந்தபின் கன்றிய தழும்பு தெரிந்தாலோ, அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது தடிப்பு மறைந்திருப்பது வழக்கம்.

படி 3: அரிப்பைத் தணியுங்கள்

குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். கலமைன் லோஷன் பூசலாம். வெந்நீர்க் குளியலும் இறுக்கமான ஆடையும் அரிப்பைக் கூட்டும். குளிர்ச்சி பட்டாலே தடிப்பவர்கள் மட்டும் இந்த ஒத்தடத்தைத் தவிர்க்க வேண்டும்.

படி 4: மாத்திரையை முறையாக எடுங்கள்

பெரியவர்களுக்கு அரிப்பு மாத்திரைகளான செட்ரிசின் அல்லது லோரடடின், இவற்றுள் ஒன்று 10 மில்லிகிராம் அளவில் நாளுக்கு ஒருமுறை என்பது வழக்கமான தொடக்கம். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கான அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் தூக்கத்தைத் தருவதால், அவற்றை எடுத்தபின் வாகனம் ஓட்டாதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகள் பலருக்குக் காணாக்கடியைக் கிளறிவிடும். ஆனால் இதய நோய்க்காக எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரைகள் விரைவாகக் கேட்கும் என்பதற்காகத் தாமாகவே வாங்கித் தொடர்பவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீண்டகாலப் பயன்பாடு எலும்பையும் சர்க்கரை அளவையும் பாதிக்கும்.

படி 5: காரணத்தைப் பொறுமையாகத் தேடுங்கள்

உணவு ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்படும். நேற்று முன்தினம் உண்டதைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. குழந்தைகளிடம் மிகப் பொதுவான காரணம் வைரஸ் தொற்றுதான். அந்தக் காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்மீது பழி விழுந்து, நல்லதொரு மருந்து வாழ்நாள் முழுவதும் மறுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது; ஆகவே ஒவ்வாமை நிபுணரிடம் சோதித்து உறுதிசெய்வது அவசியம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு, தடிப்போ அரிப்போ இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். அரிப்பு மருந்து அதற்குக் கேட்காது. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆறு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது நாட்பட்ட காணாக்கடி. அதில் பெரும்பாலும் வெளிக்காரணம் எதுவும் இருப்பதில்லை. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மாஸ்ட் செல்களைத் தூண்டுகிறது. எனவே சந்தேகத்தின்பேரில் உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கி உடலை மெலிய வைக்காதீர்கள். அரிக்கும்போது மட்டும் மாத்திரை போடாமல் தினமும் எடுப்பதே இங்கு பலன் தரும். போதவில்லையெனில் மருத்துவர் தம் கண்காணிப்பில் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்துவார், அதற்கும் அடங்காதவர்களுக்கு ஓமாலிசுமாப் ஊசி உண்டு. அந்த ஆலோசனைக்குச் செல்லும்போது புகைப்படங்களையும், தடிப்பு வந்த நாள், மறைந்த நேரம், எடுத்த மருந்துகள் ஆகியவற்றை எழுதிய குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.