உப்புக்காற்று ஊரில் பேனாக்கத்தி சேர்ப்பது எப்படி

பழைய மடக்குக் கத்தி கையில் கிடைத்ததும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளை விளக்குக்குப் புளி நல்லதுதான். எஃகை அது அரிக்கும், எலும்புக் கைப்பிடியை வெளிறச் செய்யும், முத்துச்சிப்பிப் பிடியின் மினுக்கத்தைக் கெடுக்கும். பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடலோரத்தில் இருந்துகொண்டு கத்தி சேர்ப்பவருக்கு உப்பு ஒரு எதிரி, அதிகம் சுத்தம் செய்யும் ஆசை இன்னொரு எதிரி.

இங்கே பேசுவது பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைப் பற்றி. முதுகில் ஓர் எஃகு வில் இருக்கும். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திக்கொண்டிருப்பதால்தான் அலகு திறந்தும் மூடியும் நிற்கிறது. வில்லுக்கு இரு பக்கமும் பித்தளைத் தகடு, தகட்டின் மேல் எலும்பு, கொம்பு அல்லது மரம், முனைகளில் உலோகப் பூண், அனைத்தையும் கோக்கும் ஆணிகள். இவ்வளவுதான் உறுப்புகள். உத்தரப் பிரதேசத்து ராம்பூரின் ராம்பூரிக் கத்தி பூட்டு உள்ளது, ஆகவே இந்தக் கூட்டத்தில் சேராது. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் வில்லே கிடையாது. 1955 முதல் அதன் பெரிய அளவுகளுக்குச் சுழலும் பூட்டு வளையமும் உண்டு.

வடிவங்களைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் எந்த வேலைக்கு என்று பார்த்தால் தானாக மனதில் நிற்கும். பேனாக்கத்தி என்ற நம் சொல்லே ஒரு சான்று. இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த சின்னக் கத்தி அது. இறகு போன பிறகும் பெயர் தங்கிவிட்டது. பார்லோ என்பது இங்கிலாந்தின் கத்தி நகரமான ஷெஃபீல்டில் 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய வடிவம். அலகு கோக்கும் ஆணியின் பக்கம் மட்டும் பூண் மிக நீளமாக இருக்கும், ஏனென்றால் மலிவான கத்தி முதலில் உடைவது அந்த இடத்தில்தான். ஸ்டாக்மேன் அமெரிக்க மாட்டுக்காரர்களுக்கானது, மூன்று அலகு கொண்டது: கூர்நுனி அலகு பொதுவேலைக்கு, நேர்விளிம்பு அலகு கயிறும் தோலும் வெட்ட, மழுங்கிய நுனியுள்ள மூன்றாவது அலகு கால்நடைக்குக் காயடிக்க. டிராப்பர் சுமார் 10.5 செ.மீ. நீளம், ஒரே முனையில் இரண்டு நீண்ட அலகுகள், தோலுரிக்கும் வேலைக்கு. காங்கிரஸ் என்ற வடிவத்தில் முதுகு உள்வாங்கி வளைந்திருக்கும், பெரும்பாலும் நான்கு அலகு. கனூ வடிவத்தைத் தனியாக விளக்கவே வேண்டியதில்லை. கரையில் இழுத்துப் போட்ட வள்ளத்தைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல இரு முனையும் மேலே எழுந்திருக்கும்.

இந்தக் கரையில் தொடங்குபவருக்கு எங்கள் யோசனை கப்பல்காரர் கத்தி. வெட்டும் விளிம்பு நேர்கோடு, முதுகு நுனியில் வளைந்து இறங்கி விளிம்போடு சேரும், குத்தும் கூர் இல்லை. ஆடும் படகில் கை வழுக்கினாலும் கத்தி காலில் இறங்கக் கூடாது, வலையைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக வந்த அலகு அது. பின்புறம் தடித்த இரும்பு ஊசி ஒன்று மடங்கியிருக்கும், கயிற்றின் புரிகளைப் பிரித்துச் சேர்ப்பதற்கு. வலை பின்னும் ஊரில் இதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் ராணுவக் கத்திகளும் இதே குடும்பம்தான்: கட்டம் போட்ட கறுப்புப் பிடி, டின் திறப்பான், அலகின் அடியில் அகன்ற அம்பு முத்திரை, பலவற்றில் ஆண்டும் இருக்கும். ஒரே வடிவத்தில் ஐந்து கத்தி வைத்திருப்பவர் ஐம்பது வடிவங்களில் ஒவ்வொன்று வைத்திருப்பவரைவிடச் சீக்கிரம் கண் பழகிவிடுவார்.

அடுத்தது முத்திரை. அலகின் அடியில், வெட்டும் விளிம்பு தொடங்குமுன் உள்ள சதுரத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கேஸ் (Case) என்ற அமெரிக்க நிறுவனத்தின் கத்திகளுக்கு ஆண்டு கண்டுபிடிப்பது எளிது. 1965 முதல் 1969 வரை ‘யு.எஸ்.ஏ.’ என்ற எழுத்து இருக்கும், புள்ளி இருக்காது. 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆறு புள்ளி என்றால் 1974. 1980இல் எழுத்தின் வடிவத்தை மாற்றி மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள், ஆகவே புள்ளியை மட்டும் எண்ணினால் பத்தாண்டு பிசகும். எண்ணுக்கும் பொருள் உண்டு: 6254 என்றால் 6 எலும்புப் பிடி, 2 இரண்டு அலகு, 54 வடிவ எண்.

ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனக் கத்திக்கு அடையாளம் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். கிரீடத்தோடு வி.ஆர். என்ற எழுத்து இருந்தால் அது விக்டோரியா அரசியைக் குறிப்பது, 1837–1901. இந்தப் பெயருக்கு அன்றே போலிகள் ஏராளம். ஓரெழுத்து மாற்றி முத்திரை குத்தினார்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்கும் முறை இது. அலகை மெல்லத் திறந்தால் முடிவில் சொடக்கென்று விழ வேண்டும். சோம்பலாகப் போய் நின்றால் வில் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது. பிசின் என்றால் சரிசெய்யலாம், வில் என்றால் விட்டுவிடலாம். நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்; வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று வந்தால் பொருத்தம் சரியில்லை, அல்லது உள்ளே துரு ஊதித் தகட்டைத் தள்ளியிருக்கிறது. கடற்கரைக் கத்திகளில் இரண்டாவதுதான் அதிகம். மூடியபின் நுனி வெளியே நீட்டினாலோ அலகு அகலம் குறைந்து மெலிந்திருந்தாலோ சாணைக்கல்லில் நிறையத் தேய்ந்துவிட்டது என்று பொருள். விளிம்பின் நடுவில் பளபளக்கும் சிறு தட்டை இருந்தால், வில்லில் மோதும்படி அடித்து மூடிப் பழக்கியிருக்கிறார்கள். பிடி பளிச்சென்று புதிதாக, ஆணித்தலை மட்டும் புதுப்பித்தளை நிறத்தில் இருந்தால் பிடி மாற்றியது. அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பிடியில் ஒரு கண்டிப்பு. யானைத் தந்தம், அழுங்காமை ஓடு இரண்டையும் வாங்குவதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவில் உயிரோடு நீந்தும் ஆமையை விட்டு அதன் ஓட்டைத் தேட ஒரு நியாயமும் இல்லை. ஷெஃபீல்டுக்காரர்கள் விரும்பி வாங்கிய கடமான் கொம்பு இந்தியாவிலிருந்தே போனது; அதையும் ஒதுக்கிவிடுங்கள். மாட்டெலும்பு, எருமைக்கொம்பு, மரம் இவை போதும். வண்ண வண்ணமாக மின்னும் செல்லுலாய்டு பிடியை அடையாளம் காண, கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். கற்பூரம் சேர்த்துச் செய்வதே அது. சூடான ஊசியால் சோதிக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். செல்லுலாய்டு பழசாகும்போது அமில ஆவி விடும். அது அருகிலிருக்கும் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இனி பராமரிப்பு. உப்புத் துகள் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரையும். அதன் மேல் எண்ணெய் தடவினால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். எனவே முதலில் கழுவ வேண்டும். குழாயில் வருவது உவர்நீராக இருந்தால் அதுவும் உப்புத்தான். குடிநீர் கேன் தண்ணீரோ மழைநீரோ எடுங்கள். எல்லா அலகையும் திறந்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய பல்துலக்கியால் இணைப்பைத் தேயுங்கள். பத்துப் பதினைந்து முறை திறந்து மூடினால் கறுப்பாக அழுக்கு இறங்கும். நல்ல நீரில் அலசி, துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம். வெயிலில் வைத்தால் எலும்பு ஆணிப்பக்கம் வெடிக்கும். எலும்பு, கொம்பு, சிப்பிப் பிடியை நீரில் ஊற விடாமல், காதுக்குச்சியால் இணைப்பை மட்டும் நனைத்துத் துடைப்பது மேல்.

பிறகு இணைப்புக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். மருந்துக்கடை லிக்விட் பாரஃபினும் நல்லது, பழம் வெட்டும் கத்திக்கு அதுவே சரி. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகும். செந்துரு இருந்தால் அந்த அலகை மண்ணெண்ணெயில் ஒரு நாள் நனைத்து, மூங்கில் குச்சி முனையால் சுரண்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முத்திரையின் பக்கமே போக வேண்டாம். சாம்பலும் கருநீலமுமாக ஏறிய நிறம் துரு அல்ல. பல ஆண்டு பழம் வெட்டிய அலகின் தோல் அது, அதை விட்டுவிடுங்கள். தீட்ட வேண்டுமானால் 1000 எண் கல்லில், 12 மி.மீ. அகல அலகுக்கு முதுகை 3 மி.மீ. தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 15 பாகை வரும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்திடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் இருபது வருட உலோகம் போய்விடும்.

வைப்பதற்கு மூடி இறுக்கமான டப்பா, உள்ளே கழுவிய பருத்தித் துணி. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்குள் வைக்காதீர்கள். செருப்புப் பெட்டி அளவு டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது. சாதாரண மாதங்களில் மாதம் ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை, வில்லும் அலகும் சேரும் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். துரு முதலில் அங்கேதான் காலூன்றும்.