குடலில் புதிய பாக்டீரியாவா? பாம்பன் கரையில் ஆய்வு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனும் கருவாடும் அன்றாட உணவாக உள்ள மண்டபம், பாம்பன் மக்களின் குடலில் இதுவரை பெயரிடப்படாத பாக்டீரியா சிற்றினம் இருக்கலாம் என்று ஆய்வு மாணவர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் அந்த எதிர்பார்ப்பு மிகுந்துவிட்டால் பழைய சிற்றினமும் புதிதாகத் தோன்றும்.

குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் மடிந்துவிடும். மலமாதிரியைச் சாதாரண டப்பாவில் இட்டு, மீன் பெட்டிக்கு வைப்பதைப் போல ஐஸ் வைத்து, ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குக் கொண்டுசென்றால், குளிர்ச்சி காற்றைத் தடுக்காது என்பதால், ஈ.கோலை போலக் காற்றிலும் வாழவல்லவையே ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் மிகுதியாக வளரும். காற்றுப்புகாத கலனும் ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலமும் மாதிரி எடுக்கும் இடத்திலேயே தேவை.

பாக்டீரியாக்களை அடையாளம் காண ஒப்பிடப்படும் 16எஸ் மரபணுவை மட்டும் நம்புவது அடுத்த தவறு. சுமார் 1500 எழுத்துகள் கொண்ட அம்மரபணுவின் ஒரு துண்டை மட்டும் படித்து முடிவு சொல்லலாகாது. அறியப்பட்ட சிற்றினங்களோடு அம்மரபணு முழுவதன் ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் புதிய சிற்றினம் என ஐயுறலாம். கூடினால் பழையதே என்றும் உறுதியாகாது. நெருங்கிய சிற்றினங்களின் வகைமாதிரிகளுடன் (ஒரு சிற்றினத்துக்குப் பெயரிடும்போது அதன் அடையாளமாகக் குறிக்கப்படும் வளர்ப்பு) முழு மரபணுத்தொகுதியையும் ஒப்பிட வேண்டும். சராசரி ஒற்றுமை 95–96 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதே வலுவான சான்று. அதற்கு முன், வளர்ப்பு தூயதுதானா என்று மீண்டும் மீண்டும் தனிக் காலனி எடுத்துப் பார்க்காவிட்டால், இரண்டு பழைய பாக்டீரியாக்களின் கலவையே புதியதொன்றாகத் தோற்றமளிக்கும்.

இக்கரையில் நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. கருவாட்டோடு உள்ளே சென்று வெளியேறும் கடல் பாக்டீரியாவைக் குடல்வாசி என்று எழுதிவிடலாம். ஒருவரிடம் ஒருமுறை கிடைத்தது போதாது. அவரிடமே சில வாரங்கள் கழித்தும், பிறரிடமும் தேட வேண்டும். கஞ்சிப்பாசி போன்ற கடற்பாசியைச் சிதைக்கும் மரபணு கிடைத்தாலும் அவசரம் கூடாது. ஜப்பானியர் குடலிலிருந்து பிரித்து 2005இல் பெயரிடப்பட்ட பாக்டீராய்ட்ஸ் பிளீபியஸில், கடல் பாக்டீரியாவிலிருந்து வந்த அத்தகைய மரபணுக்கள் இருப்பது 2010இல் தெரியவந்தது. அங்கே புதிதாக வந்தது மரபணு, சிற்றினம் அன்று.

பெயர் ஏற்கப்பட, வகைமாதிரியை வெவ்வேறு நாடுகளிலுள்ள இரண்டு பொது வளர்ப்புக் காப்பகங்களிலேனும் ஒப்படைக்க வேண்டும். சண்டிகரிலும் புனேயிலும் மட்டும் ஒப்படைத்தால், காப்பகங்கள் இரண்டாயினும் நாடு ஒன்றே.