ஐபேடிலிருந்து சம்சுங் டெப்புக்கு மாறுபவர்களுக்கான வழிகாட்டி

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் உறவினர்கள் அனுப்பிய ஐபேடைப் பல ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு, அடுத்ததாக ஒரு சம்சுங் கெலக்ஸி டெப் வாங்க எண்ணும் மாணவர்களும் ஆசிரியர்களும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பழைய ஐபேட் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதாகும். அப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுட்டில் எடுத்து வைத்த பெக்கப்பை இன்னோர் அப்பிள் சாதனத்தில் மட்டுமே மீட்க முடியும். ஐபேடின் திரை உடைந்து, அதை விற்றும் விட்ட பிறகு அந்த பெக்கப் சம்சுங் டெப்புக்கு எவ்வகையிலும் உதவாது.

படங்களை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது. படங்கள் ஐகிளவுட்டில் சேமிக்கப்பட்டிருந்தால், அப்பிள் நிறுவனத்தின் தரவு மற்றும் தனியுரிமைப் பக்கத்தில் உள்நுழைந்து, அவற்றின் பிரதியைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்புமாறு கோரலாம். இதற்கு மூன்று முதல் ஏழு நாட்கள் வரை ஆகலாம். ஆனால் படங்கள் ஒரு நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து மற்றதன் சேவையகத்துக்கு நேரடியாகச் செல்வதால், உங்கள் சிம்மின் டேட்டா அதில் செலவாகாது. ஃபோனின் ஹொட்ஸ்பொட்டை நம்பியே இணையத்தைப் பயன்படுத்தும் வீடுகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி மட்டுமே என்பதையும், அதை ஜிமெயிலும் கூகுள் டிரைவும் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் கவனத்தில் வைத்து, இடம் போதுமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். படங்கள் ஐபேடில் மட்டுமே இருந்தால், அவற்றை வயர் மூலம் லெப்டொப்புக்கு எடுப்பது மலிவான வழி. ஆயினும், இட மிச்சத்துக்காக ஐபேடில் சிறிய பிரதிகள் மட்டும் வைக்கப்பட்டு மூலப்படங்கள் ஐகிளவுட்டில் இருக்கும் ஏற்பாடு இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பார்த்த பின்னரே எதையும் அழிக்க வேண்டும்.

தொடர்பு எண்களையும் நாட்காட்டியையும் சம்சுங்கின் ஸ்மார்ட் சுவிட்ச் செயலி வயர் மூலமாகவோ ஐகிளவுட் வழியாகவோ எடுத்துக்கொள்ளும். வட்ஸ்அப்பின் முதன்மைக் கணக்கு உங்கள் ஃபோனில் இருப்பதால், புதிய டெப்பை அதனுடன் இணைக்கப்பட்ட சாதனமாகச் சேர்த்தால் போதும்.

அதிக நேரமும் பொறுமையும் வேண்டிய பகுதி, நீங்களே எழுதிச் சேர்த்த குறிப்புகளும் ஆவணங்களும் ஆகும். இரசாயனவியல் சமன்பாடுகளையும் இணைந்த கணித விடைகளையும் அப்பிள் பென்சிலால் எழுதி வைத்திருக்கும் உயர்தர மாணவர் ஒருவருக்கு, படங்களைவிட அந்தக் குறிப்புகளே பெறுமதியானவை. அப்பிளின் நோட்ஸ் செயலியில் உள்ளவற்றையும் குட்நோட்ஸ் போன்ற குறிப்பெழுதும் செயலிகளில் உள்ளவற்றையும் பாடவாரியாகப் பிடிஎஃப் ஆக மாற்றி, கூகுள் டிரைவிலோ மெமரி கார்டிலோ சேமியுங்கள். பிடிஎஃப் ஆன பிறகு பழைய கையெழுத்தைக் கோடு கோடாகத் திருத்த முடியாது என்றாலும், சம்சுங் நோட்ஸில் அதைத் திறந்து அதன் மீது தொடர்ந்து எழுதலாம். பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் கோப்புகளைச் சம்சுங்கில் நேரடியாகத் திறக்க முடியாது என்பதால், ஐபேடிலேயே முறையே வேர்ட், எக்செல், பவர்பொயின்ட் வடிவங்களுக்கு மாற்றிவிட வேண்டும். புரொகிரியேட்டில் ஓவியம் வரைபவர்கள், அந்தச் செயலி அன்ட்ரொய்டில் இல்லாததால், ஒவ்வோர் ஓவியத்தையும் அடுக்குகள் கலையாத பிஎஸ்டி வடிவில் வெளியே எடுத்து வைப்பது அவசியம். பாடநூல்களை மாற்றுவதற்கு மட்டும் நேரம் செலவிட வேண்டாம். அவை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்மொழிமூலத்திலேயே இலவசமாகக் கிடைப்பதால், நீங்கள் கோடிட்டுக் குறிப்பெழுதிய பிரதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமானது.

நம்மவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் பாமினி எழுத்துருவாகும். பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் தட்டச்சுக் கடைகளிலும் இன்றளவும் பாமினியில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகள் கைமாறுகின்றன. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்ட எழுத்துரு என்பதால், அது நிறுவப்படாத சாதனத்தில் வினாத்தாள் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். ஐபேடில் ஒரு செயலியின் உதவியுடன் அந்த எழுத்துருவை நிறுவி வைத்திருந்தவர்கள், சம்சுங்கிலும் அவ்வாறே செய்யலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது. வாசிக்கவும் அச்சிடவும் மட்டுமே தேவைப்படும் கோப்புகளை, எழுத்துரு சரியாகத் தெரியும் கணினியில் திறந்து பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். திருத்த வேண்டியவற்றை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளின் மூலம் எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றி, கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். இந்த உழைப்பு ஒருமுறைதான். யூனிகோடில் உள்ள ஆவணம் அதன் பிறகு எந்த நிறுவனத்தின் சாதனத்திலும் தமிழாகவே திறக்கும்.

தட்டச்சைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஐஓஎஸ் 7 முதல் அப்பிள் சாதனங்களில் தமிழ்99, ஒலிப்பின்படி ஆங்கில எழுத்துகளால் தட்டச்சு செய்யும் அஞ்சல் ஆகிய விசைப்பலகைகள் உடன் வருகின்றன. கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையிலும் ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டச்சு செய்யும் வசதி உண்டு. ஆனால் அது நீங்கள் தட்டும் எழுத்துகளிலிருந்து தமிழ்ச் சொல்லை ஊகித்துத் தருவது என்பதால், அஞ்சலுக்குப் பழகிய விரல்கள் தடுமாறும். அத்தகையவர்கள் அஞ்சல் முறையைத் தரும் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியை நிறுவிக்கொண்டால், பழகிய முறையிலேயே தொடரலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. அப்பிள் பென்சில் சம்சுங்கில் வேலை செய்யாது; சம்சுங்கின் எழுதுகோலான எஸ் பென் பெட்டியுடனேயே வரும் எஸ் வரிசை டெப்களை எழுதுபவர்கள் தெரிவுசெய்வது நல்லது. சிம் இடக்கூடிய டெப் என்றால், அது கடையில் வாங்கியதாயினும் வெளிநாட்டிலிருந்து வந்ததாயினும், அதன் தனித்த அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று 1909 இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபாருங்கள். ஃபோனின் ஹொட்ஸ்பொட்டிலேயே வேலையை முடித்துக்கொள்பவர்களுக்கு வைஃபை மட்டும் உள்ள டெப் போதும், விலையும் குறையும்.

புதிய டெப் கைக்கு வந்த பிறகும் ஐபேடை உடனே அழிக்காமல், ஒரு பாடசாலைத் தவணை முடியும் வரையாவது இரண்டையும் வைத்திருங்கள். அந்தக் காலத்தில் விடுபட்ட கோப்பு எது என்பது தானாகவே தெரியவரும். செயலியை நீக்கினாலும் சந்தா நின்றுவிடாது என்பதால், அப்பிள் கணக்கின் சந்தாப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். கூடுதல் ஐகிளவுட் இடத்துக்கான கட்டணத்தை எல்லாம் மாற்றி முடிந்த பின்னர் கடைசியாக நிறுத்துங்கள். உங்கள் அப்பிள் கணக்கின் சரிபார்ப்புக் குறியீடு அந்த ஐபேடுக்கே வந்துகொண்டிருக்கலாம். ஆகவே இப்போது பயன்பாட்டில் உள்ள தொலைபேசி எண் அந்தக் கணக்கில் பதிவாகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். பின்னர் ஐகிளவுட்டிலிருந்து வெளியேறி, தொலைந்த சாதனத்தைத் தேடும் வசதி அணைந்திருப்பதைப் பார்த்து, எல்லாவற்றையும் அழிக்கும் தெரிவை அழுத்துங்கள். இந்த ஒழுங்கில் செய்யாமல் விற்றால் அல்லது தம்பி தங்கையிடம் கொடுத்தால், ஐபேட் உங்கள் அப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டியே நிற்கும்.