சிரோசிஸ் உள்ளவரை வீட்டில் பார்த்துக்கொள்ள: முதலில் குடலைக் கவனியுங்கள்

என் மாமனாருக்குச் சர்க்கரை நோயோடு சேர்ந்து வந்த கொழுப்புக் கல்லீரல், கடைசியில் சிரோசிஸில், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோயில், கொண்டுபோய் விட்டது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்த நோயின் பேரைச் சொன்னாலே "கள்ளு குடிப்பாரா?" என்றுதான் கேட்பார்கள். குடிக்காதவர்களுக்கும் வரும். அவரைப் பார்த்துக்கொள்வதில் கற்றதை இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே இருக்கும் குப்ஃபர் செல்கள், அதோடு வரும் பாக்டீரியாக்களைப் பிடித்து அழிக்கும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் ரத்தம் உள்ளே போக வழியில்லாமல் அந்தச் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. குடல் சுவர் வீங்கிக் கசியத் தொடங்கும். பித்தநீரும் குறைவதால் வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகும். அவையும் அவற்றின் உடைந்த துண்டுகளும் ரத்தத்தில் கலப்பதால் நோய் எதிர்ப்புச் செல்கள் எந்நேரமும் தூண்டப்பட்டே இருக்கின்றன. இந்த ஓயாத அழற்சி கல்லீரலை இன்னும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் மூளையையும் பாதிக்கும். ஆனால் நிஜமாகவே கிருமி தொற்றும்போது அதே செல்களால் சரியாகச் சண்டை போட முடியாது. அதனால்தான் சின்னத் தொற்றும் இவர்களைச் சாய்த்துவிடுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது?

மலச்சிக்கலை அண்டவிடாதீர்கள். லாக்டுலோஸ் சிரப் எழுதிக் கொடுத்திருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகும்படி அளவை வைக்கச் சொல்வார்கள். குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அம்மோனியாவை அது வெளியேற்றும். தண்ணீராகப் போனால் அதுவும் ஆபத்துதான். உடம்பில் நீர் வற்றிக் குழப்பம் வரும். டாக்டரிடம் கேட்டு அளவைக் குறையுங்கள். குடல் பாக்டீரியாக்களைக் குறைக்கும் ரிஃபாக்சிமின் மாத்திரை தந்திருந்தால் நன்றாக இருக்கிறாரே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காலையில் காபி கொடுக்கும்போதே நான் சொல்லிவிடுவேன்: "மாமா, கையை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரிச்சுப் பிடிங்க." கை அப்படியே நின்றால் நல்லது. பறவை சிறகடிப்பது போல விட்டுவிட்டுத் தொய்ந்தால், மூளைக்கு அம்மோனியா ஏறுகிறது என்று அர்த்தம். பகலில் தூக்கம், ராத்திரி விழிப்பு, கையெழுத்துக் கோணுவது, காரணமில்லாத கோபம் எல்லாம் இதே கணக்குதான். வயசானால் இப்படித்தான் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அந்த நீரிலேயே தொற்று வரலாம். காய்ச்சலும் வலியும் இல்லாமல்கூட வரும். திடீர்ச் சோர்வு, குழப்பம், சிறுநீர் குறைவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அங்கே "வயித்து நீரை எடுத்து டெஸ்ட் பண்ணணுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோபில் செல்களோ (கிருமியோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) அதற்கு மேலோ இருந்தால், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்குவார்கள். ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ கண்டால் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சாப்பாட்டில் உறவினர்கள் சொல்லும் பத்தியம்தான் பெரிய தொல்லை. பருப்பும் முட்டையும் ஆகாது என்பார்கள். உண்மையில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். இல்லாவிட்டால் தசை கரையும். நீர் கோத்திருந்தால் உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. நான் காலையிலேயே அதைக் கிண்ணத்தில் அளந்து வைத்து, மூன்று வேளைச் சமையலுக்கும் அதிலிருந்தே எடுப்பேன். பப்படமும் ஊறுகாயும் இலையில் வராது. ராத்திரி படுக்கும் முன் கஞ்சியும் பயறும் கொஞ்சம் கொடுப்பேன். வெறும் வயிற்றோடு நீண்ட ராத்திரியைக் கழிக்கவிடக் கூடாது. சர்க்கரைக்காரர் என்றால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் மருந்து. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், சிறுநீரகம் போய்விடும். காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் போடும் பான்டோப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் தொற்று வாய்ப்பைக் கூட்டும். தேவையா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். சீந்தில் கொடிக் கஷாயம் எதிர்ப்புச் சக்தி தரும் என்று யாராவது கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். ஹெபடைடிஸ் ஏ, பி, நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகளைப் பற்றி அடுத்த செக்கப்பிலேயே கேளுங்கள்.