பொருளை முடிவு செய்த பிறகு கருத்துக் கேட்காதீர்கள்

உடலுக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்டை உருவாக்கும்போது மருத்துவர், செவிலியர், தயாரிப்பாளர், ஒழுங்குமுறை அதிகாரி, நோயாளி என எல்லோரிடமும் பேசுகிறோம் என்றுதான் ஆய்வுக் குழுக்கள் சொல்கின்றன. ஆனால் பெரும்பாலும் அந்தப் பேச்சு தொடங்கும்போது அதை எந்தப் பொருளில் செய்வது, என்ன வடிவம் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அதன்பின் கருத்துக் கேட்பது கையெழுத்து வாங்குவதுதான். மற்ற தவறுகளுக்கும் இதுவே வேர் என்பேன்.

பாலிலாக்டிக் அமிலம் என்ற பிளாஸ்டிக்கில் செய்த, எலும்பில் பொருத்தும் திருகுகள் உடலில் மெல்லக் கரைபவை. ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே அந்தப் பொருள் இளகத் தொடங்கும். கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தின் நீராவியோ 121 டிகிரி. வேறு கிருமிநீக்க முறைக்குப் போனால் செலவும் உறையிடும் விதமும் மாறும். கிருமிநீக்கப் பிரிவு ஊழியரை முதலிலேயே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பதவியைப் பார்த்துக் காது கொடுப்பது அடுத்த தவறு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி செயற்கை இடுப்பு மூட்டில் பொருத்திய டெஃப்லான் பிளாஸ்டிக் கிண்ணங்கள் சீக்கிரமே தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் பாதித்தன. அந்தச் சமயத்தில் ஒரு விற்பனையாளர் காட்டிய பாலிஎத்திலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்கை சார்ன்லி உடனே ஒதுக்கிவிட்டார். பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை, தேய்மானக் கருவியில் ஓட்டிப் பார்த்தார். முடிவைக் கண்ட சார்ன்லி மனம் மாறினார். 1962 முதல் அதையே பயன்படுத்தினார். தொழில்நுட்பரின் சோதனைக்கு இடம் கொடுத்ததும், சான்றைக் கண்டதும் பிடிவாதத்தை விட்டதும் ஒரே அளவு முக்கியம்.

நோயாளி சொல்வதைத் தனிமனித அனுபவம் என்று தள்ளுவதுதான் மிகக் கொடியது. குடலிறக்க (ஹெர்னியா) அறுவையில் பழகிய பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக் வலையைப் பெண்களின் இடுப்புக்குழியில் பொருத்தினார்கள். பலர் தீராத வலியைச் சொல்லியும் யாரும் பொருட்படுத்தவில்லை என்று கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வு 2020-இல் பதிவு செய்தது. ஓரிடத்தில் ஒத்துப்போன பொருள் இன்னோர் இடத்திலும் ஒத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். அதைப் பொருத்திக்கொண்டவர்களை வடிவமைப்புக் கட்டத்திலேயே உட்கார வையுங்கள்.

கூட்டக் குறிப்பில் யார் வந்தார்கள் என்பதோடு நிற்காமல், யார் எதை மறுத்தார்கள், அதனால் என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள். வணிக ரகசியம் தடையாக இருந்தால் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தை முன்னதாகவே முடித்துவிடலாம்.

விற்பனைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடவும் கூடாது. பழுதாகி வெளியே எடுத்த இம்ப்ளான்ட்டை நோயாளியின் சம்மதத்தோடு பொறியாளர் கைக்கு வரவைக்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். எங்கே தேய்ந்தது, எங்கே விரிசல் விட்டது என்பதை அதில்தான் நேரடியாகப் பார்க்க முடியும்.