பிளஸ் டூ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: நுழைவுத் தேர்வில் நடக்கும் தவறுகள்

"பிளஸ் டூ பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் சார்." மேலூர் பக்கம் இயற்பியல் நடத்தும் நான் ஒவ்வொரு வருடமும் கேட்கும் பேச்சு இது. ஆனால் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வே டிசம்பரில் வந்துவிடுகிறது. ஐஐடி, என்ஐடி பொறியியல் படிப்புகளுக்கான ஜேஇஇ தேர்வில், ஜனவரியில் நடக்கும் முதல் கட்டத்துக்கு, சில வருடங்களாக நவம்பரிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. ஏப்ரலில் விசாரித்தால் இரண்டுமே போயிருக்கும்.

அடுத்தது, பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்குப் படிப்பது. நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். ஏறத்தாழ பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்துதான் வருகிறது. திருப்பு விசையை அன்றே புரிந்துகொள்ளாத பிள்ளை, கடைசி இரண்டு மாதத்தில் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் நிற்கும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் குத்துமதிப்பாகக் குறிப்பதும் ஆபத்து.

எல்லாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு என்று நினைப்பதும் தவறு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் பொறியியல் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கணக்கிடும் கட்ஆஃப். கால்நடை மருத்துவம், வேளாண்மை படிப்புகளின் மாநில இடங்களுக்கும் மதிப்பெண்தான். நீட் ஒன்றையே நம்பிப் பள்ளிப் பாடத்தைக் கைவிட்டால் இந்தக் கதவுகளும் சாத்திக்கொள்ளும்.

எனக்கு மனசு ஆறாத தவறு ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, பத்தாவது முடிந்ததும் நீட்டுக்காகத் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அந்த இரண்டு வருட மாற்றத்தில் அது கைவிட்டுப் போகிறது. டிசி வாங்கும் முன் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

விண்ணப்பத்தை நெட் சென்டரில் கொடுத்துவிட்டு வந்துவிடுவதும் அப்படித்தான். என் மாணவி ஒருத்தியின் படிவத்தில் கடைக்காரர் தன் செல் நம்பரையே போட்டிருந்தார். ஓடிபி அவருக்குப் போனது. பிழை திருத்தக் கொடுத்த நாட்கள் முடிந்த பிறகுதான், பொதுப் பிரிவில் பதிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வீட்டு நம்பரையே கொடுங்கள். ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பிளஸ் ஒன்னிலேயே பாருங்கள். அகில இந்திய இடங்களுக்குத் தமிழக பிசி, எம்பிசி சான்றிதழ் போதாது. மத்திய அரசுக்கான ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். ஐஐடி, என்ஐடி கலந்தாய்வில் அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதைத்தான் ஏற்பார்கள். விஏஓ, தாசில்தார் என்று அலைய நாள் பிடிக்கும்.

பிறகு நம் மதுரை நாட்காட்டி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று பொங்கல் ஜல்லிக்கட்டு முடிந்த கையோடு ஜேஇஇ வந்துவிடும். 2023-இல் மே 5 அன்று அழகர் ஆற்றில் இறங்கினார். மே 7 நீட். திருவிழாக் கூட்டத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. நீட்டுக்கு மதியம் 1.30-க்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருபவர்கள் முந்தின நாளே பஸ் ஏறிப்போய் மையத்தின் வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.