குடை போட்ட காசுகள்: போப் இல்லாத நாட்களின் நாணயங்களைச் சேர்க்கத் தொடங்குவது எப்படி?

ஒரு போப்பாண்டவர் இறந்த பிறகு, அல்லது 2013-இல் 16-ஆம் பெனடிக்ட் செய்ததுபோல் விலகிய பிறகு, அடுத்தவர் வரும்வரை பீடம் காலியாக இருக்கும். லத்தீனில் இதற்கு ‘சேதே வகாந்தே’ என்று பெயர். அந்த நாட்களில் வீட்டுச் சாவி கமெர்லெங்கோ என்ற கர்தினாலின் கையில். அவருடைய குடும்பச் சின்னத்தைப் போட்டுக் காசு அடிப்பது பல நூற்றாண்டு வழக்கம். ஆளும் காலமோ பெரும்பாலும் சில நாட்கள், சில வாரங்கள்தான். சேகரிப்பாளர்கள் இந்தக் காசுகளைத் தேடி அலைவதற்கு அதுவே காரணம்.

முதலில் குடையைப் பாருங்கள்

காசை வாங்குவதற்கு முன் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு பக்கத்தில் பாதி விரித்த, பட்டைபட்டையான ஒரு குடை இருக்கும். அதன் கீழே குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். போப் ஆளும்போது அடிக்கும் காசில் சாவிகளுக்கு மேல் மும்முடி இருக்கும். முடிக்குரியவர் இல்லாதபோது அந்த இடத்தில் குடை வந்துவிடுகிறது. (வெண்கொற்றக்குடையை அரசனோடு சேர்த்தே பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும்.) குடைக்கும் சாவிக்கும் அடியில் இருப்பது கமெர்லெங்கோவின் சின்னம். மறுபக்கத்தில் பெரும்பாலும் ஒளிக்கதிர்களுக்கு நடுவே ஒரு புறா, அதாவது தூய ஆவி.

அடுத்தது ஆண்டு. பல காசுகளில் ரோம எண்ணில்தான் இருக்கும். எம் ஆயிரம், டி ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து. இதை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். சின்னம், ஆண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காசு பிடிபடும். ஒரே கர்தினால் இரண்டு முறை காவலிருந்ததும் உண்டு. கல்லெஃபியின் சின்னம் 1829 காசிலும் உண்டு, 1830 காசிலும் உண்டு. அலோய்சி மசெல்லாவின் சின்னம் 1958, 1963 இரண்டிலும் வரும்.

1978-இல் தொடங்குங்கள்

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது 1978 ஜோடியைத்தான். ஆகஸ்ட் 6-ஆம் தேதி 6-ஆம் பவுல் இறந்தார். அடுத்து வந்த முதலாம் யோவான் பவுல் 33 நாட்கள்தான் இருந்தார். செப்டம்பர் 28 அன்று அவரும் போய்விட்டார். ஒரே ஆண்டில் இரண்டு முறை பீடம் காலி, இரண்டு முறையும் கமெர்லெங்கோ கர்தினால் வில்லோ. ஆகவே 500 லிரா (யூரோவுக்கு முந்தைய நாணயம்) வெள்ளிக் காசு இரண்டு தடவை வந்தது. இரண்டாவதில் ‘செப்டம்பர்’ என்ற சொல் இருக்கும். விற்பவர்கள் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகவே போட்டுவிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கி அந்த ஒரு சொல்லைத் தேடிவிட்டுப் பணம் கொடுங்கள்.

அப்புறம் 1963, 1958 என்று பின்னோக்கிப் போகலாம். இவையும் 500 லிரா வெள்ளிதான்: எடை 11 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 835, விட்டம் சுமார் 29 மி.மீ. இன்னும் பின்னால் போனால் 1939-இன் 5 லிரா, 10 லிரா. அதில் குடைக்குக் கீழே இருப்பது கர்தினால் பச்செல்லியின் சின்னம். அந்த ஆண்டு மார்ச் 2 அன்று அவரே 12-ஆம் பயஸ் ஆகிவிட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தவருக்கே வீடு கிடைத்த கதை. என் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

யூரோ காலத்துக் காசுகளும் உண்டு: 2005-இல் ஒரு முழுத் தொகுப்பு, 2013-இல் 2 யூரோ. இவற்றை உறையோடு வாங்குங்கள். உறையிலிருந்து எடுத்ததற்கு மதிப்புக் குறைவு.

ஏமாறக்கூடிய இடங்கள்

ஒன்று, பதக்கங்கள். அதுவரை போப் ஆண்ட ரோம் 1870-இல் இத்தாலியின் கைக்குப் போனது. 1929 ஒப்பந்தத்தில்தான் வத்திக்கான் தனி நாடானது. இடையில் காசு அடிக்க நாடு இல்லை, ஆகவே 1878, 1903, 1914, 1922 ஆகிய ஆண்டுகளில் வந்தவை பதக்கங்கள் மட்டுமே. அவையும் அழகானவைதான், வாங்குங்கள், ஆனால் காசின் விலைக்கு வாங்காதீர்கள். பழைய காசுகள் பலவற்றில் மதிப்பே எழுதியிருக்காது என்பதால், ‘எண் இல்லை, ஆகவே பதக்கம்’ என்று முடிவு கட்டவும் முடியாது. ஆண்டையும் எடையையும் பாருங்கள்.

இரண்டு, ‘சேதே வகாந்தே’ என்ற எழுத்தை மட்டும் நம்புவது. ஜெர்மனியின் மூன்ஸ்டர், ஐஷ்டெட், இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் போன்ற இடங்களில் ஆயரே ஆட்சியாளராகவும் இருந்தார். அவர் இறந்தபோதும் இதே சொற்களோடு காசு அடித்தார்கள். குடை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்ட காசு. 19-ஆம் நூற்றாண்டின் ஸ்கூதோ என்ற பெரிய வெள்ளிக் காசுகளை வளையம் பற்றவைத்துப் பலர் கழுத்தில் அணிந்திருக்கிறார்கள். பிற்பாடு வளையத்தை அறுத்து, தேய்த்து, ‘நல்ல நிலை’ என்று விற்பார்கள். காசைச் சாய்த்து, உச்சியில் விளிம்பை விரலால் தடவுங்கள். அங்கே மட்டும் வழவழப்பாக இருந்தால் வேண்டாம். படம் பார்த்து வாங்குவதானால் விளிம்பின் படத்தையும் கேளுங்கள். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசும் ஒரு காந்தமும் வாங்கி வையுங்கள். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது.

துலக்காதீர்கள்

வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுப் பளபளக்க வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். முதலில் வாங்கிய 1963 காசு கருத்துப்போயிருந்தது. பற்பசை போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்தது, மகிழ்ந்துபோனேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது புறாவின் சிறகில் இருந்த மெல்லிய கோடுகளையே காணோம். காசு முழுக்க மயிரிழைக் கீறல். அந்தக் கருமைதான் காசின் வயது, அதை விட்டுவிட வேண்டும். பிவிசி என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், நாளடைவில் பச்சைப் பிசின் படியும். கெட்டியான பிளாஸ்டிக் கேப்ஸ்யூல் போதும். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

பழையதில் ஒன்று

கை பழகியபின், பழைய ஸ்கூதோ ஒன்றுக்குச் சேமிக்கத் தொடங்குங்கள். என் பரிந்துரை 1846. எடை சுமார் 26.9 கிராம், சின்னம் கர்தினால் ரியாரியோ ஸ்ஃபோர்சாவுடையது. போப் ஆண்ட பழைய பாப்பரசு நாட்டின் கடைசி இடைக்காலக் காசு இது. அடுத்தது வர 93 ஆண்டுகள் ஆயின. புறாவைச் சுற்றியிருக்கும் லத்தீன் வரி யோவான் நற்செய்தியிலிருந்து எடுத்தது. தமிழ் வேதாகமத்தில் அதே வரி: “நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன்.”